பெங்களூர் மால்களின் போக்கும் கிருஷ்ணகிரி பைபாஸ் ஓரத்து 2 ஏக்கரும்

கேள்வி இதுதான். கிருஷ்ணகிரி பைபாஸ் ஓரம் குடும்பத்துக்கு 2 ஏக்கர் 30 சென்ட் நிலம் இருக்கிறது. பெங்களூரிலும் சென்னையிலும் புதுப்புது மால்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அங்கே இப்போது போக்கு எப்படி? இங்கே சின்னதாக ஒரு மால் கட்டினால் ஓடுமா? கட்டும்போதே கடைகளைத் தனித்தனியாக விற்றுவிட்டால் போட்ட பணம் கைக்கு வந்துவிடும் என்று புரோக்கர் ஒருவர் சொல்கிறாராம்.

அந்தப் புரோக்கர் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். முப்பது வருடமாக இந்தியாவில் மால்களைக் கொன்றது எது என்று கேட்டால், ஆன்லைன் வியாபாரத்துக்கு முன்னால் நான் சொல்வது இந்தத் தனித்தனி விற்பனையைத்தான். பெங்களூரில் ஏழு வருடம், சென்னையில் ஆறு வருடம் மால்களில் கடை வாடகைக்கு விடும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். லீசிங் என்பார்கள். எனக்குச் சொந்த ஊர் காவேரிப்பட்டணம், அதனால் நிலவரம் இரண்டு பக்கமும் ஓரளவு தெரியும்.

மால் என்றால் என்ன என்பதை போச்சம்பள்ளி சந்தையை வைத்தே சொல்லிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை போயிருப்பீர்கள். ஆடு கோழி ஒரு பக்கம், காய்கறி ஒரு பக்கம், கயிறு, மண்வெட்டி, அரிவாள் தனியாக, துணி தனியாக. ஆடு வாங்க வந்தவன் கையில் காசு மிஞ்சினால் அப்படியே நடந்து துணிப் பக்கம் வருவான், போகிற வழியில் பஜ்ஜி தின்பான். ஆட்டு வியாபாரம் அங்கே ஆள் இழுக்கும் சரக்கு, பஜ்ஜிக் கடை அந்த ஆளை வைத்துப் பிழைக்கும் சரக்கு. குத்தகைக்காரர் கடைக்கு இவ்வளவு என்று சுங்கம் வசூலிப்பார். வெண்டைக்காய்க் கூடைக்குப் பக்கத்தில் ஆட்டைக் கட்டவிட மாட்டார். யார் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்ல ஒரு ஆள் இருக்கிறார், அவ்வளவுதான். அந்த ஆளுக்கு ஏ.சி. போட்டுக் கூரை கட்டிக் கொடுத்தால் மால். ஆள் இழுக்கும் பெரிய கடையை மால்காரர்கள் ஆங்கர் என்பார்கள், சின்னக் கடைகளை வெனிலா என்பார்கள். ஆங்கருக்கு வாடகை குறைவு, வெனிலாவுக்குத்தான் அதிகம். பஜ்ஜிக்காரர்தான் ஆட்டுக்காரருக்கும் சேர்த்து வாடகை கட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைகளைத் தனித்தனியாக விற்ற அன்றே இந்தக் குத்தகைக்காரர் காணாமல் போய்விடுகிறார்.

சென்னை அண்ணா சாலை ஸ்பென்சர் பிளாசாவை நினைத்துப் பாருங்கள். பழைய ஸ்பென்சர் கட்டடம் 1980களில் தீயில் போன பிறகு அந்த இடத்தில் எழுந்தது. 1990களில் சென்னைக்குப் போனவர்கள் அங்கே எஸ்கலேட்டரில் ஏறி இறங்காமல் ஊர் திரும்பியதில்லை. தர்மபுரியிலிருந்து கல்யாண ஜவுளி எடுக்கப் போன கூட்டம்கூட தி.நகரை முடித்துவிட்டு ஸ்பென்சரில் ஒரு ஐஸ்கிரீம் சாப்பிட்டு வரும். அங்கே கடைகள் ஏராளமான தனி உரிமையாளர்களிடம் இருந்தன. போட்டிக்கு ஆள் இல்லாத வரைக்கும் அது உறுத்தவில்லை. 2006இல் மயிலாப்பூரில் சிட்டி சென்டர், 2009இல் அமைந்தகரையில் ஆம்பா ஸ்கைவாக், 2010இல் ராயப்பேட்டையில் எக்ஸ்பிரஸ் அவென்யூ என்று ஒவ்வொன்றாக வந்தபோது ஸ்பென்சரால் திருப்பி அடிக்க முடியவில்லை. ஒரு பெரிய பிராண்டைக் கொண்டுவர 10,000 சதுர அடி ஒரே இடமாக வேண்டும். அதற்கு முப்பது நாற்பது உரிமையாளர்கள் ஒரே நேரத்தில் சரி என்று சொல்ல வேண்டும். நம் ஊரில் பங்காளிகள் நாலு பேர் ஒரு கிணற்றுக்கே சரி என்று சொல்வதில்லை!

இதை நான் சொந்தக் குடும்பத்திலேயே பார்த்தவன். என் தாய்மாமா 2006இல் பெங்களூரில் கட்டிக்கொண்டிருந்த ஒரு மாலில் 240 சதுர அடி கடை ஒன்று வாங்கினார். பேர் வேண்டாம். மூன்று வருடத்துக்கு மாதாமாதம் உறுதியான வாடகை என்று பத்திரத்தோடு ஒரு காகிதமும் கொடுத்தார்கள். மாந்தோப்பில் ஒரு பாதியை விற்றுத்தான் பணம் கட்டினார். சாவி கைக்கு வந்த அன்று டேப் பிடித்து அளந்தோம். நீளம் 13 அடி, அகலம் 10 அடி. 240 என்று பத்திரத்தில் இருந்தது, ஷட்டருக்குள் 130தான். மிச்சம் 110 எங்கே என்று மாமா கேட்டார். நடைபாதை, லிஃப்ட், கழிப்பறை, ஜெனரேட்டர் ரூம் எல்லாவற்றிலும் உங்களுக்குப் பங்கு இருக்கிறது சார் என்றான் அங்கிருந்த பையன். இதற்குத் தொழிலில் லோடிங் என்று பேர். நானும் அதே தொழிலில் இருந்ததால் மாமாவின் முகத்தைப் பார்க்காமல் டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

மூன்று வருடம் காசோலை ஒழுங்காக வந்தது. அந்த வாடகை மாமா கட்டிய பணத்திலிருந்தே வந்தது என்பது பிறகுதான் புரிந்தது. நாலாவது வருடத்திலிருந்து அவரவர் பாடு. பக்கத்துக் கடைக்காரர் ஜெராக்ஸ் மெஷின் வைத்தார், எதிர்க்கடை பச்சை குத்தும் கடையானது, அதற்கடுத்த கடையின் உரிமையாளர் துபாயில், அது பூட்டியே கிடந்தது. பாதிப் பேர் பராமரிப்புப் பணம் கட்டாததால் ஏ.சி. நின்றது, பிறகு எஸ்கலேட்டரும் நின்றது. நின்றுபோன எஸ்கலேட்டரில் ஏறிப் பார்த்திருக்கிறீர்களா? படி உயரம் சாதாரணப் படிக்கட்டைவிட அதிகம். வயசானவர்கள் ஒருமுறை ஏறினால் மறுமுறை அந்தக் கட்டடத்துக்கே வரமாட்டார்கள். 2019இல் மாமாவோடு போயிருந்தேன். பூட்டு துரு ஏறிக் கிடந்தது, கீழே டீக்கடையில் தேங்காய் எண்ணெய் வாங்கி வந்து ஊற்றித்தான் திறந்தோம். உள்ளே சுவரில் கடைசியாக வாடகைக்கு இருந்தவர் மாட்டிய 2011ஆம் வருடக் காலண்டர். விற்கவும் ஆள் இல்லை, விடவும் ஆள் இல்லை. வருடாவருடம் சொத்து வரி மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

புரோக்கர் உங்களிடம் சொல்வது இதைத்தான். உங்கள் கைக்குப் பணம் வந்துவிடும் என்பது உண்மை. வாங்கியவர்கள் எல்லாம் உங்கள் ஊர்க்காரர்களாக இருப்பார்கள், காலம் முழுக்க ரவுண்டானாவில் அவர்கள் முகத்தில் முழிக்க வேண்டும் என்பதும் உண்மை.

சரி, பெருநகரங்களின் போக்குக்கு வருவோம்.

முதலில் மாறியது உரிமை. பெங்களூர் கோரமங்கலாவில் 2004இல் வந்த ஃபோரம் மாலை ஒரு திருப்பம் என்று சொல்லலாம். சுமார் 3.5 லட்சம் சதுர அடி, 11 திரை சினிமா, புத்தகக் கடை, உணவுக்கூடம் எல்லாம் ஒரே நிர்வாகத்தின் கையில். எந்தக் கடை எங்கே என்பதை அவர்களே முடிவு செய்தார்கள், வியாபாரம் ஆகாத கடையை மாற்றினார்கள். அதைப் பார்த்த பிறகு பெரிய கட்டுமான நிறுவனங்கள் விற்பதை விட்டுவிட்டு வாடகைக்கு விடும் வழிக்கு வந்தன. அடுத்த கட்டத்தில் கட்டியவர்களும் கைமாற்றினார்கள். 2021 வாக்கில் ஃபோரம் மால்களில் பல அமெரிக்க முதலீட்டு நிறுவனமான பிளாக்ஸ்டோன் பக்கம் போய், நெக்சஸ் என்று பேர் மாறின. கோரமங்கலா ஃபோரமும் வடபழனி ஃபோரம் விஜயாவும் அப்படி மாறியவைதான். ஃபீனிக்ஸ் நிறுவனத்தின் பெங்களூர் மாலில் 2017இல் கனடா நாட்டு ஓய்வூதிய முதலீட்டு நிறுவனம் பங்கு வாங்கியது. கனடாவில் ஒருவர் வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்கான பணம் வைட்ஃபீல்டில் விற்ற சட்டையிலிருந்து போனது.

2023 மே மாதம் நெக்சஸ் தன் 17 மால்களையும் சேர்த்து ரெயிட் என்ற முறையில் பங்குச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கடை மால்களுக்கென்று இந்தியாவில் வந்த முதல் ரெயிட் அது. நிறையப் பேர் பணம் போட்டு மொத்த மால்களையும் ஒன்றாக வைத்திருப்பார்கள், வரும் பணத்தில் செலவு போக மிஞ்சுவதில் 90 சதவீதத்தைப் பிரித்துக் கொடுத்தே ஆக வேண்டும். என் மாமா ஆசைப்பட்டதும் மாலிலிருந்து மாதாமாதம் வரும் வாடகைக்குத்தான். ஷட்டர், பூட்டு, எண்ணெய் இல்லாமல் அதற்கு ஒரு வழி பதினேழு வருடம் கழித்து வந்திருக்கிறது. யூனிட் விலை ஏறும் இறங்கும், அது வேறு கதை. ஆனால் யார் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லும் ஆள் மட்டும் ஒருவராகவே இருக்கிறார்.

அடுத்தது நிலம். சென்னை எக்ஸ்பிரஸ் அவென்யூ இருக்குமிடம் ஒரு பத்திரிகை நிறுவனத்தின் வளாகம். வடபழனி மால் நிற்பது சினிமா ஸ்டுடியோ நிலத்தில். பெங்களூரில் யு.பி. சிட்டி பழைய பீர் ஆலை இருந்த இடம், ராஜாஜி நகர்ப் பக்கத்து ஓரியன் மால் கிர்லோஸ்கர் தொழிற்சாலை நிலம். கோயம்புத்தூரில் 2023இல் லூலு தன் கடையைத் திறந்ததும் லட்சுமி மில்ஸ் வளாகத்தில்தான். ஏன் என்றால், நகரத்துக்குள் பத்துப் பதினைந்து ஏக்கர் ஒரே பட்டாவில் வேறு யாரிடமும் இல்லை. பழைய தொழில் ஓய்ந்த இடத்தில் மால் எழும்புகிறது. நம் மாவட்டத்தின் கதை இதற்கு நேர் எதிர். ஓசூர் சிப்காட்டில் அரை நூற்றாண்டாக ஆலை, இப்போது போச்சம்பள்ளி, பர்கூர் பக்கம் ஸ்கூட்டரும் செருப்பும், ஓசூருக்கு அப்பால் போன் பாகங்கள் என்று ஆலைகள் இன்னும் வந்துகொண்டேதான் இருக்கின்றன. இங்கே நெடுஞ்சாலை நிலத்துக்கு மாலைவிட நல்ல வாடகைதாரர் வெளியே காத்துக்கொண்டிருக்கிறார் என்பதை மனதில் வையுங்கள், கடைசியில் அதற்கு வருகிறேன்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. 2004இல் 3.5 லட்சம் சதுர அடி என்றால் வாயைப் பிளந்தோம். 2023 அக்டோபரில் பெங்களூர் பல்லாரி சாலையில் திறந்த மால் ஆஃப் ஏசியா சுமார் 12 லட்சம் சதுர அடி. சென்னை வேளச்சேரி ஃபீனிக்ஸ், அண்ணா நகர் வி.ஆர். இரண்டும் ஏறக்குறைய 10 லட்சம். நடுவில் மாட்டிய ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் சதுர அடி மால்கள்தான் முதலில் நொடித்தன. பலவற்றில் மேல்தளம் இப்போது அலுவலகம், ஜிம், கோச்சிங் சென்டர். காரணம் எளிது. அரை நாள் செலவழிக்க வருகிறவருக்குச் சின்ன மாலில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேலை இல்லை, பத்து நிமிடத்தில் வாங்கிக்கொண்டு போகிறவருக்கு அது தெருக்கடையைவிடத் தூரம்.

பெரிதாகக் கட்டினால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. மால் ஆஃப் ஏசியா திறந்த இரண்டே மாதத்தில், விமான நிலையம் போகும் சாலை திணறுகிறது என்று, 2023 டிசம்பர் 31 முதல் ஜனவரி 15 வரை பொதுமக்களை உள்ளே விடக் கூடாதென்று போலீஸ் கமிஷனர் உத்தரவு போட்டார். விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. புத்தாண்டு வாரம் என்பது மால்காரனுக்கு நம் ஊர் தீபாவளி வாரம் மாதிரி. அதற்குப் பிறகு பெங்களூரில் மால் பேச்சு எடுத்தாலே முதல் கேள்வி மெட்ரோ பக்கத்தில் இருக்கிறதா என்பதுதான். மல்லேஸ்வரம் மந்த்ரி ஸ்கொயர் பக்கத்து மெட்ரோ ஸ்டேஷன் மாலின் பேரையே தாங்கி நிற்கிறது. கனகபுரா ரோட்டில் 2023இல் வந்த மால், கோணனகுண்டே கிராஸ் ஸ்டேஷனை ஒட்டியே கட்டப்பட்டது. 2025 ஆகஸ்ட் 10ஆம் தேதி மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரை திறந்த பிறகு, ஓசூர்க்காரர்களுக்கே பெங்களூர் மால்கள் கொஞ்சம் கிட்டே வந்துவிட்டன. அத்திப்பள்ளி டோலையும் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பால டோலையும் கட்டி, பார்க்கிங்குக்கும் கட்டி, சில்க்போர்டில் ஒரு மணி நேரம் நின்ற குடும்பம், இனி பொம்மசந்திராவில் ரயில் ஏறும். ஓசூரில் மால் கட்ட நினைக்கிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

உள்ளே இருக்கும் கடைகள் மாறியதை நான் கண்ணாலேயே பார்த்தேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது புத்தகக் கடையும் பாட்டு சி.டி. கடையும் இல்லாமல் மால் வரைபடமே போடமாட்டோம். முதலில் சி.டி. போனது, பிறகு புத்தகம், பிறகு போன் கடைகள் சுருங்கின. அந்த இடமெல்லாம் சாப்பாட்டுக்கும் குழந்தைகள் விளையாட்டுக்கும் போனது. சட்டையை வீட்டிலிருந்து போனில் வாங்கலாம், சுடச்சுடத் தோசையையும் பிள்ளையின் பிறந்தநாளையும் அப்படி வாங்க முடியாது. சினிமா மட்டும் ஆட்டம் காண்கிறது. பெரிய படம் வந்த வாரம் மாலே நிரம்பி வழியும், மறுவாரம் மூன்றாம் தளத்தில் காவலாளி மட்டும் நடப்பார். பெரிய சினிமா தியேட்டர் சங்கிலிகள் இரண்டும் 2023இல் ஒன்றாகச் சேர்ந்ததற்குப் பின்னால் இந்தத் தள்ளாட்டமும் உண்டு.

கொரோனா பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2020 மார்ச்சில் மூடிய தமிழ்நாட்டு மால்கள் செப்டம்பரில்தான் திறந்தன. அந்த ஆறு மாதத்தில் வாடகை ஒப்பந்தங்கள் தலைகீழாயின. முன்பெல்லாம் வியாபாரம் ஆனாலும் ஆகாவிட்டாலும் குறைந்தபட்சம் இவ்வளவு என்று கறாராக வாங்குவோம். அதன் பிறகு விற்பனையில் இத்தனை சதவீதம் என்பதற்குப் பெரிய பிராண்டுகள் அழுத்தம் கொடுத்தன, மால்காரர்களும் இறங்கி வந்தார்கள். துணிக்கடை என்றால் விற்பனையில் 12 முதல் 18 சதவீதம் வரை வாடகையாகத் தாங்கும். மளிகைக் கடை மூன்று நான்கு சதவீதத்துக்கு மேல் தாங்காது, அதற்கு லாபமே அவ்வளவு மெல்லிசு. ஒரு கடைக்காரர் ஒப்புக்கொள்ளும் வாடகையைக் கேட்டால் அவர் எவ்வளவு விற்பார் என்று கணக்கிட்டுவிடலாம். மாதம் 10 லட்சம் விற்கிற துணிக்கடை ஒன்றரை லட்சம் தரும், அதே 10 லட்சம் விற்கிற மளிகைக்கடை 40,000 தருவதற்கே யோசிக்கும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, தமிழ்நாட்டுக்கென்றே இருக்கும் ஒரு சங்கதியைச் சொல்லாமல் விட முடியாது. நம் ஆட்களுக்கு மால் ஏற்கனவே இருக்கிறது, அதற்குப் பேர் துணிக்கடை. ஐந்து மாடி, லிஃப்ட், கீழே புடவை, மேலே ரெடிமேட், அதற்கு மேலே பாத்திரம், ஏறும்போது மோர், இறங்கும்போது கட்டைப்பை. நிலம், கட்டடம், சரக்கு எல்லாம் ஒரே குடும்பத்துடையது. வாடகை இல்லை, யாரோடும் ஒப்பந்தம் இல்லை, எந்தத் தளத்தை எதற்கு மாற்றுவது என்று முதலாளி காலையில் காபி குடிக்கும்போது முடிவு செய்வார். தி.நகரில் வளர்ந்த இந்த முறை இப்போது கிருஷ்ணகிரி, தர்மபுரி வரை வந்துவிட்டது. ஐப்பசி, தை மாதங்களில் கல்யாணக் கூட்டம் அங்கேதான் போகிறது. நாள் முழுக்க நின்றுகொண்டே புடவை விரித்த பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்தது, அந்தக் கடைகள் எவ்வளவு பெரிய உலகம் என்பதற்கு அது ஒரு சாட்சி. இவர்களோடு வாடகைக்கு இருக்கும் பிராண்டு கடை விலையில் போட்டி போட முடியாது.

பர்கூரைப் பாருங்கள். சின்ன ஊர், தெருத்தெருவாக ஜவுளிக் கடை, குட்டி சூரத் என்றே பேர். ஆந்திரா, கர்நாடகா பக்கத்திலிருந்தெல்லாம் வாங்க வருகிறார்கள். எஸ்கலேட்டர் இல்லை, ஃபுட் கோர்ட் இல்லை. ஒரே பொருளை விற்கும் நூறு கடைகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதே அங்கே ஆள் இழுக்கும் ஆங்கர்.

இருந்தும் நம் ஊர்க்காரர்கள் ஏன் ஞாயிற்றுக்கிழமை 90 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு பெங்களூர் மாலுக்குப் போகிறார்கள்? இதைப் பல குடும்பங்களிடம் கேட்டிருக்கிறேன். துணி வாங்க என்று ஒருவரும் சொல்லவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சுற்ற இடமில்லை, வெயில், கார் நிறுத்த இடமில்லை என்பார்கள். ஒரு அக்கா சொன்னதை மறக்க முடியாது. "காந்தி ரோட்டுல நாலு மணி நேரம் கடை ஏறி இறங்கினா பொம்பளைங்க எங்க தம்பி பாத்ரூம் போறது?" மால்காரர்கள் உண்மையில் விற்பது நிழலும் கழிப்பறையும் பார்க்கிங்கும்தான், சட்டை அதோடு சேர்ந்து வருகிறது. இதை உங்கள் நிலத்தில் கொடுக்க 60 கோடி தேவையில்லை.

60 கோடி எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். கணக்கைப் பாருங்கள். 230 சென்ட் என்றால் சுமார் 1 லட்சம் சதுர அடி நிலம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் 2019இன்படி, உயரமான கட்டடம் என்ற வகைக்குப் போகாமல் நிலத்தைப் போல இரண்டு மடங்கு கட்டலாம். ஆக 2 லட்சம் சதுர அடி. ஏ.சி., எஸ்கலேட்டர், தீயணைப்பு, ஜெனரேட்டர் எல்லாம் சேர்த்துச் சதுர அடிக்கு 3,000 ரூபாய் என்று வைத்தால் 60 கோடி. 10 சதவீத வட்டிக்கு மாதம் 50 லட்சம், அசலைத் தொடாமல். கட்டிய 2 லட்சத்தில் ஷட்டருக்குள் வருவது 1 லட்சத்து 20 ஆயிரம் இருந்தால் அதிர்ஷ்டம். எல்லாக் கடையும் நிரம்பினாலும் சராசரியாகச் சதுர அடிக்கு 42 ரூபாய் வந்தால்தான் வட்டி கட்டலாம். தரைத்தளத்துக்கு நூறு ரூபாய் கிடைக்கிற இடத்தில் முதல் தளத்துக்கு அறுபது, இரண்டாம் தளத்துக்கு நாற்பது என்பது என் அனுபவம், அதுவும் எஸ்கலேட்டர் ஓடினால். பைபாஸ் ஓரத்தில், ஊருக்குள் இருக்கும் லண்டன்பேட்டையிலிருந்தே ஆட்டோ பிடித்து வர வேண்டிய இடத்தில், இரண்டாம் தளத்தில் யார் கடை போடுவார் என்று நீங்களே யோசியுங்கள். இதில் கார் நிறுத்த இடத்தையே நான் இன்னும் கழிக்கவில்லை. ஒரு காருக்குப் போக வர வழியோடு 300 சதுர அடி வேண்டும்.

அப்படியென்றால் என்ன செய்யலாம்? பெருநகரப் போக்கிலேயே உங்களுக்குப் பொருந்தும் ஒரு துண்டு இருக்கிறது. மலிவு விலைத் துணி விற்கும் சங்கிலிக் கடைகள் மாலை விட்டு வெளியே வந்து, சின்ன ஊர்களில் தனிக் கட்டடம் தேடுகின்றன. டாடா குழுமத்தின் ஜூடியோ 2016இல் தொடங்கியது, ஆன்லைனிலேயே விற்பதில்லை, கடையை நம்பித்தான் இருக்கிறது. ரிலையன்ஸ் ட்ரெண்ட்ஸும் அதே மாதிரி ஊர் ஊராகப் போகிறது. இவர்களுக்குத் தேவை மால் இல்லை. ஒரு பெட்டி மாதிரிக் கட்டடம், 8,000 முதல் 15,000 சதுர அடி, தரையும் ஒரு மாடியும், முன்னால் வண்டி நிறுத்த இடம். தூணுக்குத் தூண் 25 அடிக்கு மேல் இடைவெளி, தளத்துக்கு 14 அடி உயரம், போதுமான மின்சார இணைப்பு. ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிய பிறகு கட்ட ஆரம்பியுங்கள், அவர்கள் கொடுக்கும் வரைபடத்துக்கே கட்டுங்கள். கட்டிவிட்டு ஆள் தேடாதீர்கள்.

ஆனால் துணிக்கடைக்கு ஊருக்குள் இருக்கும் ரோடுதான் முதல் தேர்வு. ராயக்கோட்டை மேம்பாலத்தின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதிலேயே வாடகை மாறும். பைபாஸில் ஓடக்கூடியது வேறு. சென்னையிலிருந்தும் சேலத்திலிருந்தும் பெங்களூர் போகிற வண்டிகள் பல கிருஷ்ணகிரியில்தான் ஒன்றுசேர்கின்றன. அவர்களுக்கு வேண்டியது காபி, இட்லி, சுத்தமான கழிப்பறை, கொஞ்சம் மாம்பழக் கூழ், நிப்பட்டு. இரண்டு மூன்று நல்ல ஓட்டல்கள், ஒரு மருந்துக்கடை, மின்சார வண்டிக்குச் சார்ஜ் போடும் இடம், அம்பது கார் நிற்கும் மைதானம். ஒரு ஏக்கரில் முடிந்துவிடும், அதுவும் தரைத்தளத்திலேயே. மிச்ச நிலத்தை, முன்னே சொன்னேனே, ஆலைக்காரர்களுக்குக் கிடங்காக விடலாம். கிடங்குக்கு முகப்பு வேண்டாம், பின்பக்கம் போதும், லாரி திரும்ப இடம் இருந்தால் சரி. மேலே ஒரு தகரக் கூரை, கீழே நல்ல கான்கிரீட் தரை, எஸ்கலேட்டர் பழுதாகும் கவலை கிடையாது.

தர்மபுரியில் இருக்கும் உங்கள் சித்தப்பாவும் இதே யோசனையில் இருப்பதாகக் கேள்வியில் ஒரு வரி இருந்தது. தர்மபுரிக்கு பெங்களூர் இன்னும் தூரம், சேலம்தான் கிட்டே. அங்கே நாலு ரோட்டுக்கு நடந்து போகும் தூரத்தில் இடம் இருந்தால் துணிக்கடைப் பெட்டி ஓடும், அதற்கு வெளியே அவசரப்பட வேண்டாம். அவ்வளவுதான் சொல்ல முடியும், இடத்தைப் பார்க்காமல்.

எந்த வழிக்குப் போனாலும் இரண்டு காகிதம் முதலில். நிலம் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தால், சாலையிலிருந்து உள்ளே வண்டி திரும்ப நெடுஞ்சாலைத் துறையின் அனுமதி வேண்டும். இதை வாங்காமல் கட்டிவிட்டு, கண் முன்னால் வண்டிகள் போவதையும் தடுப்புச் சுவர் மறிப்பதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஓட்டல்கள் இந்த வழியில் இருக்கின்றன. இரண்டாவது, நிலம் விவசாய வகைப்பாட்டில் இருந்தால் அதை வணிகத்துக்கு மாற்ற வேண்டும், கட்டட வரைபடம் நகர் ஊரமைப்புத் துறைக்குப் போகும். நஞ்சை என்றால் இழுக்கும், புஞ்சை என்றால் கொஞ்சம் எளிது.

பட்டாவில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். அப்புறம், சர்வீஸ் ரோட்டை ஒட்டி நிலத்தின் முகப்பு எத்தனை அடி என்று ஒரு கயிறு பிடித்து அளந்து சொல்லுங்கள். 150 அடி இருந்தால் ஓட்டல்காரர்களிடம் பேச ஆரம்பிக்கலாம். 40 அடிதான், மிச்சமெல்லாம் உள்நோக்கிப் போகிறது என்றால் கிடங்கை முதலில் பேசுவோம்.